ஆமாவா, இல்லையா

மொந்தேவீதியோவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
அதைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தவள் நான்.
விடுதிக்காரி இரவல் தந்த கம்பளிக் கோட்டில்
யாரோ எப்போதோ புகைத்த சிகரெட் வாசனை.

செவ்வாய் இரவு தவிர
அது கூடைப்பந்து விளையாடும் இடம்.
வளையத்தை மேலே மடக்கிக் கட்டியிருந்தார்கள்.
எல்லைக்கோட்டின் மேல் மேசைகள்,
மேசைகளின் மேல் உப்புக் கடலை.
சீட்டுக் கிழித்தவர் பெயர் வாஷிங்டன்.
சிரித்துவிட்டேன்.
"எங்கள் வயதில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் உண்டு"
என்றார், கோபமில்லாமல்.

மாலையில் ஒரு மணி நேரப் பாடம் முடித்திருந்தேன்.
எட்டு அடிகள்.
பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி
உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே யாரும் வந்து கை நீட்டிக் கேட்பதில்லை.
எதிர்க்கோடியிலிருந்து ஒருவர் பார்ப்பார்.
பார்வை சிக்கினால், தலையை ஓர் அங்குலம் இறக்குவார்.
நீயும் இறக்கினால் சம்மதம்.
வேறெங்கோ பார்த்தால் மறுப்பு,
யார் மானமும் போகாது.
"கைப்பேசியைப் பார்த்தாயோ,
விடிய விடிய உனக்குக் கடலைதான்"
என்றாள் பக்கத்து நாற்காலி சுல்மா,
செருப்பு வாரைப் பல்லால் இழுத்தபடி.

பார்த்தேன்.
சாம்பல் ஸ்வெட்டர்க்காரர் ஒருவர் பார்த்தார்.
இறக்கினார்.
நானும் ஆட்டினேன்,
எங்கள் ஊர் ஆட்டு.
இடமும் வலமுமாய்,
சரிங்க, ஆகட்டும், வாங்க எல்லாம் கலந்து.

எழுந்து வந்தவர் பாதித் தளத்தில் நின்றுவிட்டார்.
ஆமாவா, இல்லையா?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிப் பார்த்தார்.
நான் இன்னும் அழுத்தமாக ஆட்டினேன்.
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பத்தோரு வருடம்
இந்தக் கழுத்தை வைத்துத்தான்
கடன் கேட்டவருக்கு, பெண் பார்க்க வந்தவருக்கு,
மேலதிகாரிக்கு எல்லாம் பதில் சொன்னேன்.
ஆமா என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு,
இல்லை என்றும். அவரவர் வசதி.
என்ன சொன்னேன் என்று
எனக்கே தெரியாத இடங்களும் உண்டு.

அடுத்த சுற்றில் கவனமாக,
தாழ்ந்த நிலைப்படியில் குனிவதுபோல் இறக்கினேன்.
வந்தவர் எர்மீனியோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம்.
இவ்வளவு பக்கத்தில் நிற்பார்கள் என்று
பாடத்தில் சொல்லவில்லை.
எட்டு அடியும் எங்கோ கொட்டிப்போயின.
அவர் வெறுமே நடந்தார்.
நான் பின்னோக்கி, பார்க்காத திசைக்கு.
இரண்டு முறை மிதித்தேன்.
ஒவ்வொரு முறையும் நின்றார்,
தொங்கும் சுமை ஆடி அடங்கக் காத்திருப்பவர்போல.
பிறகு நடந்தார்.

பாட்டு நின்றது.
"கிராசியாஸ்" என்றேன்,
பயணத்துக்கென்று கற்றுவைத்திருந்த ஒரே மரியாதை.
முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.
இன்னும் மூன்று பாட்டு பாக்கியிருக்க
என்னை நாற்காலிவரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

சுல்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்:
நடுவில் நன்றி சொன்னால்
போதும், போ என்று அர்த்தமாம்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.
பரிமாறுகிறவரைப் பார்த்து
இலைக்கு மேல் கையை விரித்து
போதும் என்போம்.
அதுதான் நன்றி என்று
இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.
எர்மீனியோவுக்கு இதை எந்த மொழியில் சொல்ல.
அவர் சிவப்புக் காதணிக்காரி ஒருத்தியோடு
என்னைக் கடந்து இரண்டு முறை சுற்றிப் போனார்.

கடைசிச் சுற்றுக்குப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.
எதிரே சாம்பல் ஸ்வெட்டர்.
பார்த்தார்.
என்னைப்போலவே, ஆனால் படுமோசமாக,
இடமும் வலமுமாய்த் தலையை ஆட்டினார்,
புருவத்தில் கேள்வியோடு.
கடலை புரையேறிவிட்டது.
இருமிக்கொண்டே ஓர் அங்குலம் இறக்கினேன்.

மிதித்தேன். மிதிக்கவும் பட்டேன்.
அவருக்கும் சரியாக வராது போல.
மிச்சமிருந்த பாட்டு முழுவதும் ஆடினோம்.
ஒரு வார்த்தை பேசவில்லை நான், பயத்தில்.

வாஷிங்டன் நாற்காலிகளை அடுக்கினார்,
கயிற்றை அவிழ்த்து வளையத்தை இறக்கினார்.
காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்களாம்.
பிடித்திருந்ததா என்று கேட்டார்.
வாசலில் நின்று, ஒரு செருப்பு கையில்,
நான் என்ன ஆட்டினேனோ,
அவர் சிரித்தார்.