உதடு அவருடையது

நாற்பத்தொரு தடவை அவருக்காகச் செத்திருக்கிறேன்.
கத்திக்குத்து பதினேழு. தூக்கு மூன்று.
ஒரு தடவை யானை மிதித்து.
அதற்கு முனகல் போதும் என்றார் சவுண்ட் இன்ஜினியர்,
அரை நாள் சம்பளம்.

வேமுலபல்லி சேஷகிரியின் தமிழ்க் குரல் நான்.
மலை மூக்கை நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிற நகரியில்
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு.
விடிகாலை பாசஞ்சரைப் பிடித்துக் கோடம்பாக்கம் போய்
இருட்டறையில் நின்று
அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்
முப்பத்தாறு வருஷம்.

முகம் என்றால் எனக்கு அவர் கீழுதடுதான்.
இடது ஓரம் ஒரு கணம் முந்தித் துடித்தால்
பொய் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.
கள்ளச்சாராயம் காய்ச்சியபோதும் கலெக்டரானபோதும்
துடிப்பு ஒன்றுதான்.

தெலுங்கு வாக்கியம் வாயைத் திறந்தே வைத்து முடியும்.
நம்முடையது ம் என்றோ ன் என்றோ சாத்திக்கொண்டுவிடும்.
திறந்து கிடக்கிற அந்த வாய்க்கு
ஒரு டா, ஒரு ப்பா, ஒரு இல்லையா
கையிலிருந்து போட்டு நிரப்புவேன்.
யாரையும் அரே என்றுகூடக் கூப்பிடாத மனிதர்
தமிழ்நாட்டில் மட்டும்
மரியாதை தெரியாதவராகிப் போனார்.

முதல் படத்தில் வண்டிக்காரன், இரண்டே வரி.
பிறகு கதாநாயகனின் அண்ணன்.
பிறகு கதாநாயகன், மூன்று படம். மூன்றும் ஓடவில்லை.
நல்லவேளை.
ஓடியிருந்தால் அந்த ஒரே முகத்தைக்
கடைசிவரை சாயம் பூசிக் காப்பாற்றியிருக்க வேண்டும்.
எமன், கஞ்ச வட்டிக்காரர், பரதநாட்டிய வாத்தியார்,
மகளைத் தொலைத்துவிட்டு ரயில் ரயிலாக ஏறும் தபால்காரர்,
கண் தெரியாத நீதிபதி.
எமனுக்கு நான் வாளிக்குள் தலையை விட்டுப் பேசினேன்.
வட்டிக்காரருக்கு வாயில் கொட்டைப்பாக்கு.
தபால்காரருக்கு ஒன்றும் செய்யவில்லை.
அன்று காலையில்தான் என் மகள்
சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூர் போயிருந்தாள்.

எங்கள் ஊர்க் கொட்டகையில்
அவர் படம் அவர் குரலிலேயே ஓடும்.
என் குரலைக் கேட்க
தனகோடி பஸ் ஏறி, எல்லை தாண்டித் திருத்தணி போவாள்.
ராத்திரி சோறு போடும்போது கேட்பாள்:
"அந்தப் பொண்ணை எதுக்கு அப்படித் திட்டினீங்க?"
நானில்லை, அவர்.
"குரல் யாருதாம்?"
குழம்பு அன்றைக்கு எனக்குக் குறைவாகத்தான் விழும்.

ஒரே ஒருமுறை பார்த்தேன்.
திருப்பதிக்குப் போகிற வழியில் அவர் கார்
எங்கள் ரயில்வே கேட்டில் நின்றது.
கண்ணாடியை இறக்கி முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.
கிட்டே போனேன். பேர் சொல்லவில்லை, வணக்கம் சொல்லவில்லை.
நீதிபதியின் தீர்ப்பில் முதல் வரியைச் சொன்னேன்,
தமிழில்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
உதட்டைப் பார்த்தார்.
இரண்டாம் வரிக்கு அவர் உதடு அசைந்தது, சத்தமில்லாமல்.
நான் பேசினேன்.
மூன்றாவது, நான்காவது.
முறுக்குக்காரன் சில்லறையை நீட்டியபடியே நின்றான்.
சரக்கு ரயில், அறுபது பெட்டிக்கு மேல் இருக்கும்.
எனக்கு அது போதவில்லை.

கடைசிப் படத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.
படுக்கையில் கிடக்கிற கிழவர் வேஷம்.
வசனமே இல்லை, நீங்கள் வர வேண்டாம் என்றார்கள்.
மூச்சு இருக்கிறதே என்றேன்.
சம்பளமில்லாமல் போய் இரண்டு நாள் மூச்சு விட்டேன்.
இடது ஓரம் அசையவில்லை.
அதற்கு மேல் அவரால் பொய் சொல்ல முடியாது.

நேற்று தெலுங்குச் சேனலில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள்.
தனகோடி சத்தத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை.
பழக்கதோஷம், உதட்டைத்தான் தேடினேன்.
தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது.
எங்கள் பாஷையில் முடிகிற மாதிரி
இறுக மூடி முடிந்திருந்தது.
சேர்க்க ஒரு டா கூடத் தேவையில்லை.
தொண்டையைச் செருமினேன்.
"யாருக்கு?" என்றாள்.