பெறுநர் இல்லை

ஜனவரி. விடிகாலை நாலு மணி.
கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க உப்பு கொட்டினாற்போல் உறைபனி.
வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி.
நான் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்து
வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பைத்தியமா உனக்கு?" என்கிறார்
இரண்டு கம்பளிக்குள்ளிருந்து ராயப்பன்.

மாத்திரை வெள்ளை, துவரம்பருப்பு அளவு.
ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, எட்டு மாதமாக.
கணையத்தின் வால் பக்கம் ஒரு நீர்க்கட்டி,
இருபத்துநாலு மில்லிமீட்டர்.
இன்னும் புற்று இல்லை.
அந்த 'இன்னும்' என்பதைத்தான்
தினமும் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறேன்.

கோயம்புத்தூர் டாக்டர் படம் வரைந்து காட்டினார்.
கட்டியின் சுவரில் இருப்பவை
சூலகத்தின் சாயல் கொண்ட செல்கள்,
விலாசம் தப்பிக் குடியேறியவை.
ரத்தத்தில் போகிற ஈஸ்ட்ரோஜனைத்
தமக்கு வந்ததென்று பிரித்துப் படிக்கின்றனவாம்.
படித்துப் படித்துப் பெருகுகின்றனவாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.
எல்லநள்ளி அஞ்சலகத்தில்
பத்தொன்பது வருடமாகத் தபால் பிரிக்கிறவள் நான்.
மேல்வீட்டு மணியார்டரைக் கீழ்வீட்டுக்காரர்
கையெழுத்துப் போட்டு வாங்கி
குடித்தே தீர்த்த கதையெல்லாம் பார்த்தாயிற்று.

"அப்போ மருந்து பெட்டியோட வாயை அடைச்சிடுமா?"
"அடைக்கும்னு நினைக்கிறோம்.
அதைப் பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து,
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது, டாக்டருக்கே தெரியாது.
அங்கே நான் ஜெபக்கனி இல்லை. முப்பத்தொன்று.

அதனால்தான் இந்த வியர்வை பிடித்திருக்கிறது.
மாவு தின்று யாருக்காவது
உறைபனியில் வியர்க்குமா?

நர்ஸிடம் சொன்னேன். சிரித்தாள்.
"நாப்பத்தாறு வயசுக்கா. அது தானாவும் வரும்."
அன்று பர்லியார் தாண்டும்வரை
அவளைப் பிடிக்கவே இல்லை.

நேற்று ஸ்கேன்.
"அதே அளவு" என்றார் டாக்டர்.
வளரவில்லை, சுருங்கவில்லை. அதே.
மருந்தோ, மாவோ, கட்டியின் சோம்பலோ.
பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு
யாருடைய காரட் மூட்டைக்கோ இடம் விட்டு
ஒடுங்கி உட்கார்ந்து மலை ஏறினேன்.

வெளிச்சம் வருகிறது.
கீழே, தாகைச் செடி போட்டு மூடிய தேயிலை
தப்பித்ததா கருகியதா என்பது
வெயில் ஏறினால்தான் தெரியும்.

பையில் மறுபடி
லூர்துமேரி டீச்சருக்கு வங்கிக் கடிதம்.
அவர் போய் மூன்று வருடம்.
மூன்று வருடமாக அவர்கள் அனுப்புகிறார்கள்,
நான் திருப்பி அனுப்புகிறேன்.
ஈரக் கையோடு முத்திரையை எடுக்கிறேன்.

மை சரியாக விழவில்லை.
இன்னொரு தடவை.