எழுநூற்று ஐம்பது ரூபாய்

சிம்மக்கல்லில் ஒரு சந்து,
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
அதனால் எல்லோரும் குனிந்தே கேட்கிறார்கள்:
"இது கண்டிப்பா வேணுமா தம்பி?"

கண்ணாடி அலமாரியில் ஆன்டிவைரஸ் பெட்டிகள்.
உள்ளே ஒரு துண்டுக் காகிதம், அதில் இருபது எழுத்து,
மீதி காற்று.
ஒரு பெட்டிக்கு எனக்கு நிற்பது நூற்றிப் பத்து.

மாசியில் வந்தார் வீரணன்.
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை.
விடிகாலையில் மல்லிக்கு விலை சொல்கிறவர்
பத்து மணிக்கு என்னிடம் விலை கேட்டார்.
"மூணு வருசமாக் கட்டுறேன்.
ஒரு வைரஸும் வரலையே.
வராததுக்கு எதுக்குப்பா காசு?"

வராமல் இருக்கத்தான் காசு என்று
சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த
என் சொந்த மிஷினில்
அந்தப் பெட்டி கிடையாது,
ஒன்பது வருசமாக.

விண்டோஸ் தன்னோடு கூட்டி வரும் காவலாளி போதும் எனக்கு,
அவன் சம்பளம் கேட்பதில்லை.
அப்டேட்டை நிறுத்துவதில்லை.
திருட்டு சாஃப்ட்வேர் தொடுவதில்லை.
இல்லை, ஒருமுறை தொட்டேன்,
ஒரு கல்யாண ஆல்பத்துக்காக.
காவலை அணைத்துவிட்டு வா என்றது.
அணைத்தேன்.
நாயைக் கட்டிப்போட்டுத் திருடனுக்கு இலை போட்டது மாதிரி.
ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.
வந்து போனவன்
செருப்பை வாசலில் விட்டா போயிருப்பான்?

எதிர்த்த ஜெராக்ஸ் கடை ஷகிலா பானு என்றால் வேறு.
ஒரு நாளைக்கு நூறு பென் டிரைவ்.
ஒருத்தன் கொண்டுவந்ததை
இன்னொருத்தன் வாங்கிக்கொண்டு போவான்,
பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர் டம்ளர் மாதிரி.
அவளிடம் விற்க நான் தயங்கியதே இல்லை.

வீரணனுக்கு ஒரு டேலி, ஒரு இமெயில்,
மத்தியானத் தூக்கத்துக்கு முன் கொஞ்சம் யூட்யூப்.
"உள்ள இருக்கறதே போதும்ணே" என்றேன்.
நூற்றிப் பத்து போனது.
அன்று முழுக்க
நல்லவனாக இருந்தேன்.

ஆவணி முகூர்த்தம், மல்லி எகிறிய வாரம்,
போன்.
"ஓசூர் ரோஸ் பார்ட்டி பில்லுன்னு திறந்தேன்.
எல்லா ஃபைலுக்கும் வால் முளைச்சிருக்கு."

போனேன்.
ஈரச் சாக்கு வாசனை, காலடியில் நசுங்கிய அரளி.
திரையில் இங்கிலீஷில் ஒரு கடிதம்,
மரியாதையாகவே எழுதியிருந்தான்:
கணக்கு திரும்ப வேண்டுமானால் ஐந்து லட்சம்.
"ரெண்டு தடவ கேட்டுச்சுப்பா, நிச்சயமாவான்னு.
ஏலம் ஓடுது. நாந்தான் ஓகே குடுத்தேன்."

அந்தப் பெட்டி பிடித்திருக்குமா?
அன்று காலை பிறந்த வைரஸ் என்றால்
அதற்கும் முகம் தெரிந்திருக்காது.
ஒரு வாரம் பழசு என்றால், ஒருவேளை.
நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
கேட்டுத் திட்டியிருந்தால் தேவலாம்.

கணக்கு எழுதும் பவுன்தாய்
தராசு மேசையின் இழுப்பறையிலிருந்து
பழைய துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள்.
சனிக்கிழமை தோறும் காப்பி போட்டு
ஒயரைப் பிடுங்கி வைத்துவிடுவாளாம்.
"வைரஸுக்கு பயந்தாம்மா?"
"அதெல்லாம் தெரியாதுண்ணே.
கரண்டு போயிரும்ல."

ஐந்து நாள் கணக்குதான் போனது.
அதில் மூன்று நாளை
அவனியாபுரத்துக்காரர்கள், வலையங்குளத்துக்காரர்கள்
வாட்ஸ்அப்பில் வைத்திருந்த சீட்டுப் படங்களிலிருந்து எடுத்தோம்.
இரண்டு நாளை யாரும் எடுக்கவில்லை.
அந்த இரண்டு நாளுக்கு இன்னும் சண்டை நடக்கிறது.

மறுநாள் வீரணன் வந்து
ஒன்றும் பேசாமல்
எழுநூற்று ஐம்பதை எண்ணி வைத்தார்.
பெட்டியைக் கொடுத்தேன்.
"இதையும் வாங்கிக்கங்க" என்று
ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் தள்ளினேன்.
பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.
"அது பவுனு பாத்துக்கிரும்."

அன்று இரவு
இன்னொரு பெட்டியைப் பிரித்து
என் மிஷினிலேயே போட்டேன்.
கல்லாவில் காசு வைக்கவில்லை.
ஸ்கேன் ஓடுகிறது,
ஃபைல் பெயர்கள் சரசரவென்று.
முப்பத்தெட்டு சதவீதத்தில்
அந்தக் கல்யாண ஆல்பத்தின் ஃபோல்டருக்குள் நுழைந்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நிற்கிறேன்,
குனிந்தபடி.