துவாலையின் எடை

மார்ச் பிறந்தும் வில்யூய் ஆறு
வாய் திறக்கவில்லை.
விடியலில் மைனஸ் இருபத்தாறு.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்கதவைத்
தோளால் இடித்துத் திறக்கிறேன்.
என்னை முந்திக்கொண்டு வெளியே ஓடிய நீராவி
இரண்டு எட்டு போவதற்குள் பொடியாகி
என் இமைமயிரிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த கவ்வியை எடுப்பதற்குள்
கொடியில் போட்டது விறைத்துவிடும்.
மருத்துவர் அஃபனாசியின் கால்சட்டை
இடுப்புக்கு மேல் ஆளில்லாமல்
ஆற்றைப் பார்த்து நிற்கும்.
அவசரப்பட்டு மடக்கினால் முறியும்.
போன வருஷம் ஒரு தலையணை உறையின் மூலையை
உடைத்தே விட்டேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

பதினோரு வருஷமாகத் தெரிந்ததுதான் இதெல்லாம்.
ஐந்தாறு நாளில் காய்ந்திருக்கும் என்பதும்.
அகுலீனாதான், கொதிகலன் பக்கத்தில்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி
போகிற போக்கில் கேட்டாள்:
"ஒரு சொட்டுகூடச் சொட்டலையே.
தண்ணி எந்த வழியா போச்சு?"

"காத்து குடிச்சிருக்கும்."
"குடிக்கணும்னா முதல்ல உருகணுமே?"
நான் வாயிலிருந்த ரொட்டியை
மெல்லாமல் வைத்திருந்தேன்.
பகலில் வெயில் உருக்கியிருக்கும் என்றான்
கொதிகலன்காரன் நியூர்குன்.
அவனை வெளியே கூட்டிப்போய்
உச்சி வெயிலில் துவாலையைத் தட்டிக் காட்டினாள்.
டக், டக்.
கதவைத் தட்டினால் கேட்கிற சத்தம்.

சமையல்கட்டிலிருந்து மீன் தராசை
இரவல் வாங்கினோம்.
குளிரில் அதன் பேட்டரி செத்துப்போகும்;
அக்குளில் வைத்துச் சூடாக்கி எடுத்துப் போவேன்.
சுவரில் பென்சில் கணக்கு:
அலமாரியிலிருந்து எடுத்தபோது நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நனைத்துப் பிழிந்ததும் எண்ணூற்று எழுபது.
மறுநாள் எழுநூற்று அறுபது.
அதற்கடுத்த நாள் அறுநூற்று முப்பது.
மூன்றாம் நாள் கூடியிருந்தது!
அகுலீனா தராசைத் திட்டினாள்.
ராத்திரி பெய்த பனியை
உதறாமல் நிறுத்த என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்றைக்குக் கொடியருகே
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.
புகை இல்லை. ஈரம் இல்லை.
நூலிழைகளுக்குள் பனி மினுங்கியது,
அவ்வளவுதான்.
ஏதோ ஒன்று என் முகத்துக்கு நேரே
கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.
விடைபெறுவதைக் காண
என்னிடம் கண் இல்லை.

அகுலீனா முற்றத்தின் மறுகோடியைக் காட்டினாள்.
குடிதண்ணீருக்காக நவம்பரில்
ஆற்றிலிருந்து அறுத்து அடுக்கிய பனிக்கட்டிகள்.
அன்று கத்திபோல் இருந்த விளிம்புகள்
இன்று கரைந்த சோப்புபோல் மழுங்கியிருந்தன.
நவம்பரிலிருந்து இங்கே எதுவும்
உருகியதே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.
பனிக்கட்டி
தண்ணீர் என்ற ஊரில் இறங்காமலே
நேராகக் காற்றுக்குப் போய்ச் சேருகிறது.
நாங்கள்தான் இத்தனை நாள்
அந்த நிறுத்தத்தில் போய்க் காத்திருந்தோம்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.
ஏழாம் நாள் துவாலை மெத்தென்று மடிந்தது.
உள்ளே கொண்டுவந்து
அடுப்பு அனல் அடிக்கும் சாமான் அறையில்
ஒரு மணிநேரம் போட்டு நிறுத்தோம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
தொடக்கத்தில் இருந்ததைவிடப் பதினான்கு கிராம் குறைவு.

நூல் உதிர்ந்ததா? உதிர்ந்தால் இவ்வளவா?
நாய் கடித்ததா? ஓட்டை இல்லை.
அரைக்கிலோ சர்க்கரையைத் தொங்கவிட்டோம்;
தராசு பொய் சொல்லவில்லை.
குழப்பத்தோடு துவாலையைப்
பழையபடி சலவைக்கூட அலமாரியில் வைத்தேன்,
நீராவி எப்போதும் மிதக்கிற இடத்தில்.
காலையில் நிறுத்தால்
நானூற்றுப் பதினொன்று.

அப்படியானால்,
காய்ந்தது காய்ந்தது என்று சொல்லி
நான் இத்தனை வருஷம் அடுக்கிய ஒவ்வொன்றிலும்
ஒரு கரண்டித் தண்ணீர்
சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

அகுலீனா தலைக்குட்டையை அவிழ்த்தாள்.
பின்னல் நுனியை உள்ளங்கையில் ஏந்தி
ஒருமுறை கனம் பார்த்தாள்.
பிறகு மெதுவாகத் திரும்பி
மீன் தராசைப் பார்த்தாள்.