நாற்பதில் தொடங்குவது

நாற்பதில் தொடங்குகிறது.
முப்பத்தெட்டில் இல்லை.
மாவை வழித்தெடுத்த பிறகும்
யாரோ அணைக்க மறந்த கிரைண்டர் மாதிரி
தரைக்கடியில் எங்கிருந்தோ ஒரு ஊம்.

டயர் என்றார் மச்சான்.
ஆயில் மாத்துங்க சார் என்றார் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி.
தண்ணி பாட்டில் உருளுதுப்பா என்றாள் இனியா,
ஒரு காது இயர்போனைக் கழற்றி, உடனே மாட்டி.
வடபழனியில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர்
கியர்பாக்ஸ் இறக்கணும், பதினெட்டாயிரம் என்றது
ஓட்டிப் பார்க்காமலேயே.

பதினாறு வயது சான்ட்ரோ.
வெள்ளத்தின்போது முடிச்சூரில் மூன்று நாள்
ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்றது.
ஐப்பசி வந்தால் இன்னும்
பின் சீட்டுக்கடியில் ஏரி வாசம்.
விற்றுவிடலாம் என்று வருஷத்துக்கொரு முறை பேசுவோம்.
இந்த வருஷம் பேசவில்லை.
வசுமதி என்னோடு பேசியே ஒன்பது நாள்,
தம்பியின் கடனுக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து
பேங்க் உறையில் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து.
அதற்கு முன்பே இந்தச் சத்தம் இருந்ததா?
யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஞாயிறு, விடியற்காலை ஐந்து.
அவள் ஓட்ட, நான் பின்னால்.
ஏசி இல்லை, ரேடியோ இல்லை, கண்ணாடி முழுக்க இறக்கியாச்சு.
கொத்திலிருந்து வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கழற்றி
என் மடியில் போட்டாள்.
ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு மெட்ரோ தூணும்
சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது.
ஊம். ஊம். ஊம்.

குப்புறப் படுத்துக் காதை மேட்டில் வைக்கிறேன்.
ஐம்பது, என்கிறாள் முன்கண்ணாடியிடம்.
நியூட்ரல் போடு, என்கிறேன் மேட்டிடம்.
எஞ்சின் இறங்கிப்போனது.
சத்தம் இறங்கவில்லை.
அப்ப எஞ்சின் இல்ல.
கியர்பாக்ஸும் இல்லாம இருக்கலாம்.
பதினெட்டாயிரம் மிச்சம் என்று சொல்ல வந்தேன்;
பணப்பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கத்திப்பாரா சுழலில் இடப்பக்கம் வளைகிறோம்.
வண்டி வலப்பக்கம் சாய்கிறது.
என் மடிச் சாவியெல்லாம் வலப்பக்கம் சரிகிறது.
“இப்ப?”
“ஜாஸ்தி.”
நேரான பிறகு, “இப்ப?”
“கம்மி.”
மறுபடி சுழல். “இப்ப?”
“ஜாஸ்தி, ஜாஸ்தி. வலதுதான்.”
மூன்றாம் சுற்றில் ஒரு போக்குவரத்துக் காவலர்
கைகாட்டி நிறுத்தினார்.
“வழி தெரியலையாம்மா?”
“தெரியும் சார். சத்தம் கேட்டுட்டிருக்கோம்.”
அவரும் குனிந்து காது கொடுத்தார்.
நிற்கிற வண்டியில் என்ன கேட்கும்.

அயனாவரத்தில் டில்லிபாபு ஜாக்கி போட்டு
ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றினார்,
மறு கை ஸ்பிரிங் மேல்,
கண் எதிர்க்கடைப் பால் பாக்கெட் கிரேட்டில்.
“பேரிங். தண்ணி எப்பவோ உள்ள போயிருக்கு.
இத்தனை வருஷம் சும்மா இருந்ததே பெருசு.”
பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து
என் கையில் கொடுத்தார்.
பழுப்பு கிரீஸைத் துடைத்தால்
ஒரே ஒரு குண்டின் மேல்
நொய்யரிசி அளவு பள்ளம்.
வசுமதி கட்டைவிரல் நகத்தால் அதை வருடினாள்.
“இவ்ளோதானா,” என்றாள்.
யாரிடம் என்று தெரியவில்லை.
இரண்டாயிரத்து நூறு. அவளே போனில் கட்டினாள்.

பூந்தமல்லி ஹைரோட்டில் நாற்பது. ஐம்பது.
அறுபதிலும் இல்லை.
இத்தனை நாள் அதற்கடியில் கிடந்ததெல்லாம்
இப்போது கேட்கிறது:
டேஷ்போர்டுக்குள் ஏதோ திருகாணி கிடுகிடுப்பது,
இடக் கதவு ரப்பரின் விசில்,
சிக்னலில் அவள் மூச்சை இழுத்து
எதையோ சொல்லாமல் கியர் போடுவது.

“அந்தக் கையெழுத்து…” என்று ஆரம்பித்தேன்.
“இரு,” என்றாள்.
“அந்தக் கிடுகிடு எங்கேருந்து வருது, பாரு.”