முப்பதாயிரம் நம்பர் எண்ணெய்

நாலு திருகு. ஒன்று மழுங்கிப் போயிருந்தது.
அதற்கு மட்டும் ஒரு மணி நேரம்.
ரப்பர் பேண்டைக் குழியில் வைத்து அழுத்தித் திருகினேன்,
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
எதற்குக் கழன்றதோ தெரியாது.

உள்ளே எண்ணெய் இல்லை.
ஐயாயிரத்து எழுநூறு ரூபாய் வண்டிக்குக்
கம்பெனிக்காரன் வைத்திருந்தது
இலை ஓரத்து ஊறுகாய் அளவு கிரீஸ்,
அதுவும் ஒரே பக்கமாய்.
மிச்சமெல்லாம் செம்மண்:
கோட்டையூர்க் கண்மாயில் போன ஞாயிறு
குப்புற விழுந்தபோது குடித்தது.

பெரிய பல்சக்கரம் இரண்டு, குட்டி நான்கு.
குட்டி ஒன்றுக்கு மூன்று பல் போயிருந்தது.
கிரீஸுக்குள் துழாவி மூன்றையும் எடுத்து
இருமல் மருந்து மூடியில் போட்டு வைத்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

குடியிருப்பது பெரிய வீடொன்றின் பின்கட்டில்.
தரை ஆத்தங்குடிக் கல், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தது.
பின் சக்கரம் ஒன்றைக் கல்லிலும்
மற்றதைக் கயிற்று மிதியடியிலும் நிறுத்தி
ட்ரிக்கரை அழுத்தினால்
கல்லில் இருப்பது கிர்ரென்று பறக்கும்,
மிதியடியில் இருப்பது பார்த்துக்கொண்டு நிற்கும்.
எதற்குப் பிடிமானம் இல்லையோ
சுற்றெல்லாம் அதற்கே.
உலராத டிஃபரென்ஷியலுக்கும் இதே நீதிதான்,
உலர்ந்ததற்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு.
ஐந்தாம் தேதி வாடகையைப் பதினொன்றாய்ப் பிரித்து அனுப்புவேன்.
கோவையில் மூவர், தேவகோட்டையில் ஒருவர்,
ஈப்போக்காரருக்கு அவர் மச்சான் கணக்கில்.
ஒருவர் எங்கே இருக்கிறாரென்று மற்றவர்களுக்கே தெரியாது,
பணம் மட்டும் போய்ச் சேர்கிறது.
ஓடு ஒழுகுகிறது என்று செய்தி போட்டால்
பதினொரு சக்கரமும் மிதியடிமேல் நின்றுவிடும்.

எண்ணெய் வர ஒன்பது நாள்.
ஸ்கேன் சென்டர் சகாயராணி கேட்டாள்,
"வயித்துல தடவுற ஜெல் இருக்கு, தரட்டுமா?"
இரும்புப் பல்சக்கரம் வாங்கியதில் பாதிப் பணம் அவளுடையது,
சிரிக்காமல் இருந்தேன்.

சிலிக்கான், முப்பதாயிரம் நம்பர்.
குப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போய்
பால் காய்ச்சி வந்தாலும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.
குறுக்கு ஊசி முங்கும்வரை விட்டேன்.
விரலால் மெல்லச் சுற்ற
ஒரு குமிழி வந்தது, பிறகு ஒன்று.
மூன்றாவது வரும்வரை மூடாதே என்றாள் ராணி.
வரவில்லை. வந்தது.

கேஸ்கெட் கிழிந்திருந்தது.
சோலையப்பன் சார் மணிவிழாப் பத்திரிகை நல்ல தடிமன்.
நகவெட்டிக் கத்தரியால் வட்டமாய் வெட்டினேன்,
'சுற்றமும் நட்பும் சூழ' இருந்த வரியில்
'சுற்ற' மட்டும் வட்டத்துக்குள் விழுந்தது.

மூடினேன். கல்லில் ஒன்று, மிதியடியில் ஒன்று.
அழுத்தினேன்.
வண்டி மிதியடியைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்து
ஆளில்லாப் பங்குக்காரரின்
பூட்டிய கதவில் முட்டி நின்றது.
உள்ளேயிருந்து யாரும் யாரென்று கேட்கவில்லை.

ஞாயிறு, கண்மாய்.
கருவேல மரத்தடி வளைவில்
பின்பக்கம் வீசாமல், அசடு வழியாமல்
இரண்டு சக்கரமும் மண்ணைக் கிள்ளிக்கொண்டு திரும்பியதை
ராணி வீடியோ எடுத்தாள். நான்கு சுற்று.
ஐந்தாவதில் டக்.
டிஃப் இல்லை. அதற்கு அடுத்த பிளாஸ்டிக் கப்.
"இரும்பு போட்டா உடையாதுன்னு யாரு சொன்னா,
பக்கத்து வீட்டுல உடையும்."

கப்பிலும் இரும்பு கிடைக்கிறது, அறுநூற்றைம்பது.
பிளாஸ்டிக் நாற்பது.
அதைக் கழற்ற ஒரே திருகு,
மழுங்காதது.
நாற்பதுக்கே நான்கு வாங்கினேன்.
உடைகிறது உடையட்டும்,
கை எட்டுகிற இடத்தில்.

டிஃப்பைத் திரும்பத் திறக்கவில்லை.
அடியில் விரல் வைத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது.
பத்திரிகை கசியவில்லை.
ஓடுதான் நேற்று ராத்திரி கசிந்தது.
மிதியடியை நகர்த்திவிட்டு
வாளி வைத்திருக்கிறேன்.