இன்னும் எதுவும் ஆகாதவை

அளவுக் குவளையில் சாராயம்.
அதில் வெள்ளைத் தூள், நகக்கண் அளவு.
கரைந்ததும் தீவனத்தில் தெளித்து
நிழலில் உலர்த்துவேன்.
வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பார் செலோம்.

வோல்டா ஆற்றங்கரையில் எங்கள் தொட்டிகள்.
தாய்த் திலேப்பியாக்களின் வாயைத் திறந்து
முட்டைகளைக் கொட்டிக்கொள்வது காலை வேலை.
பொரித்து, மஞ்சள் கரு தீர்ந்து
முதல் பசியோடு மேலே வருபவை
இன்னும் எதுவும் ஆகாதவை.
இருபத்தெட்டு நாள் ஊட்டினால்
எல்லாம் ஆண்.
பெண் என்றால் முட்டை போட்டே தேயும்,
தட்டை நிறைக்காது.
ஆண் கொழுக்கும். அவ்வளவுதான் கணக்கு.

கலவை அறைக் கதவில் ஒரு பலகை:
கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது.
தினமும் அதைத் துடைத்து வைப்பவள் நான்தான்.
ஏழு வாரமாகக் கொஞ்சம் அழுத்தித் துடைக்கிறேன்.
சொன்னால் எடை மேடைக்கு மாற்றுவார்கள்,
கூலியில் கால்வாசி போகும்.

நேற்று ஆறு மாதக் கூண்டை இழுத்தோம்.
அத்தனை ஆண்களுக்கு நடுவே
ஒன்று மட்டும் வாய் திறக்கவில்லை.
செலோம் தாடையை அழுத்தினார்.
உள்ளங்கை நிறைய முட்டைகள்.
"மருந்துக்குத் தப்பியவள்" என்று சிரித்து
பனிக்கட்டிக்குள் எறிந்தார்.
சிமெண்டுத் தரையில் சிந்தியவற்றை
நான்தான் குழாய் திறந்து கழுவிவிட்டேன்.
போக வெகுநேரம் பிடித்தது.

இன்று
தூள் டப்பாவைத் திறக்குமுன்
கையுறையைக் கழற்றினேன்.
"செலோம்" என்றேன்.
தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
"சொல்லு" என்றார்.